இருநூறு மேஸ்திரியும் எங்கள் தெருத் தொட்டிலும்

உலகத்திலேயே ஒரே வாரத்தில் இருநூறு வருஷத்தைக் கடத்திக் காட்டத் தெரிந்த மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் மட்டாஞ்சேரித் தெருவில் குடியிருந்தார். திங்கட்கிழமை பலாப்பலகையை இழைத்து நாற்காலி செய்வார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நாங்கள் வீட்டுக்கு வரும்போது அந்த நாற்காலிக்கு இருநூறு வயசு ஆகியிருக்கும். ஒரு கால் லேசாகத் தேய்ந்திருக்கும். கைப்பிடியில் நாலு தலைமுறை முழங்கை ஊன்றிய பளபளப்பு இருக்கும். அடியில் வண்டு துளைத்த ஓட்டைகூட இருக்கும். எங்கள் தெரு வண்டுகளுக்கு அவ்வளவு சுறுசுறுப்பு கிடையாது, எல்லாம் மேஸ்திரியின் கை டிரில் செய்த வேலை.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் இருநூறு மேஸ்திரி. எதைக் காட்டி எவ்வளவு பழசு என்று கேட்டாலும் "இருநூறு வருஷம்" என்பார். நூற்றைம்பது என்றால் வாங்குகிறவன் மதிக்க மாட்டான், முந்நூறு என்றால் நம்ப மாட்டான், இருநூறுதான் வயிற்றுக்கும் மனசுக்கும் ஒத்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி. யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனில் அசல் பழஞ்சாமான் விற்கிற நாணயமான கடைகள் எத்தனையோ உண்டு. மேஸ்திரி சாமான் செய்து கொடுத்தது அவற்றில் எதற்கும் அல்ல, அங்கேயே இருந்த வேறொரு ஷோரூமுக்கு. அதன் பெயர் நமக்கு எதற்கு?

எங்கள் தெருவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பஜார் ரோட்டுக் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு ஆட்டோ உள்ளே நுழைந்தால் எதிரே வரும் சைக்கிள்காரர் யார் வீட்டுக்குள்ளாவது ஏறி நின்று குசலம் விசாரித்துவிட்டுத்தான் போக முடியும். மிளகு வாங்க வந்தவர், இஞ்சி விற்க வந்தவர், மூட்டை சுமக்க வந்தவர், துணி வெளுக்க வந்தவர், சண்டை போட வந்தவர் என்று பல ஊர்க்காரர்கள் வந்து, ஊர் திரும்ப மறந்துபோய் உண்டான பேட்டை. காலையில் பல் விளக்கி முடிப்பதற்குள் அஞ்சு பாஷை காதில் விழும். நாங்கள் தமிழ் பேசும் ராவுத்தர்கள். அத்தாவுக்கு பஜார் ரோட்டில் வத்தல், மல்லி மொத்த வியாபாரம். எங்கள் வீட்டுக்கு வந்த எந்த விருந்தாளியும் முதலில் தும்மிவிட்டுத்தான் சலாம் சொல்வார். எங்களுக்கு இடப்பக்கம் கொங்கணி பேசும் பப்படத்து அக்கா வீடு, வலப்பக்கம் குஜராத்தி சேட்டு வீடு. எதிரே மேஸ்திரி. அவருடைய முன்னோர் தென்காசிப் பக்கத்திலிருந்து தேயிலைப் பெட்டி அடிக்க வந்தவர்கள்.

மேஸ்திரியின் கை புதுசைப் பார்த்தால் சும்மா இருக்காது. அத்தா ஒருமுறை கடைக்கு ஒரு ஸ்டூல் செய்யச் சொன்னார். சொன்ன நாளில் வந்து சேர்ந்த ஸ்டூல் பார்ப்பதற்குப் பரிதாபமாக, மூன்று வெள்ளத்தில் அடிபட்டதுபோல இருந்தது.

"எந்தா மேஸ்திரி இது? நான் புது ஸ்டூல்தானே கேட்டேன்?"

"புதுசுதான் ராவுத்தரே. ஆனா கடைக்கு ஒரு கௌரவம் வேணாமா? உங்க அத்தா உக்காந்து யாவாரம் பண்ணுன ஸ்டூல்னு சொல்லுங்க, ஒருத்தன் மறுத்துப் பேச மாட்டான்."

"எங்க அத்தா நின்னுக்கிட்டேதான் யாவாரம் பண்ணாரு. அப்ப ஸ்டூலே கிடையாது."

மேஸ்திரி ஸ்டூலைத் தட்டிக் காட்டினார். "அப்ப இது அவரு உக்காராத ஸ்டூல்" என்றார். அத்தா காசை எண்ணிக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார்.

பல்செட் கதை இன்னும் பிரசித்தம். தோப்பும்படியில் ஒரு டாக்டரிடம் மேல்வரிசை கட்டிக்கொண்டு வந்தார். பால் மாதிரி வெள்ளைப் பல். கண்ணாடியில் பார்த்தவருக்குப் பொறுக்கவில்லை. அன்று மாலையே பால் விடாத கட்டஞ்சாயாவில் ஊறப்போட்டு, சன்னமான உப்புத்தாளால் இரண்டு தேய்ப்புத் தேய்த்து, மறுநாள் காலையில் எங்கள் வாசலில் வந்து சிரித்துக் காட்டினார். "பார்த்தா பல்செட்டுனு சொல்ல முடியுமா?" முடியவே முடியாது. அசல் பல் எதுவும் அவ்வளவு மோசமாக இருக்காது என்பதால் சந்தேகம் மட்டும் வரலாம்.

பழைய கட்டடங்களைப் பற்றிப் படிக்கிற காலேஜ் பிள்ளைகள் சிலர் ஒருநாள் டேப்பும் நோட்டுமாக வந்தார்கள். அவர்கள் போதாத காலம், முதலில் கண்ணில் பட்டவர் மேஸ்திரி. தெருமுனைத் தண்ணீர்க் குழாய் டச்சுக்காரன் போட்டது என்று ஆரம்பித்துவிட்டார். ஒரு பெண் மட்டும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"கைப்பிடி நீல பிளாஸ்டிக்கா இருக்கே அங்கிள்?"

"மோளே, கைப்பிடி மட்டும் கார்ப்பரேஷன் மாத்துனது. உள்ளே ஓடுற தண்ணி டச்சுத் தண்ணி."

அந்தப் பெண் அதையும் எழுதிக்கொண்டாள்.

இப்படிப்பட்டவர் கையில் எங்கள் தெருத் தொட்டில் சிக்கியதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

அந்தத் தொட்டில் யாருக்கும் சொந்தமில்லை. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கால் வைத்த தூண், நடுவில் ஆடுகிற மரப்பெட்டி. தெருவில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் அது அந்த வீட்டுக்குப் போகும். பிள்ளை வளர்ந்ததும் அடுத்த பிள்ளை பிறக்கும் வீட்டுக்கு நகரும். அது போகிற வீட்டுக்காரர்கள் அதற்கு ஒரு கோட்டு பெயிண்ட் அடிக்க வேண்டும், அது தெரு வழக்கம். நாங்கள் பச்சை, பப்படத்து அக்கா வீட்டில் மஞ்சள், சேட்டு வீட்டில் ரோஸ். இப்படி ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசிப் பூசி, ஓரம் பெயர்ந்த இடத்தில் எல்லா வீட்டு நிறமும் வரிவரியாகத் தெரியும். இன்னொரு வழக்கமும் உண்டு. தொட்டில் இடப்பக்கம் போகும்போது 'க்ரீ' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தில்தான் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் தூங்கினோம். அதற்கு யாரும் எண்ணெய் போடக் கூடாது.

தொட்டில் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாததால் மேஸ்திரிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பப்படத்து அக்காவிடம், "உங்காளுக கோவாவுல இருந்து சாமியைத் தூக்கிட்டு ஓடி வந்தப்ப ஒரு படகுல சாமி, ஒரு படகுல இந்தத் தொட்டில்" என்றார். சேட்டிடம், கட்ச்சிலிருந்து உரு என்கிற மரக்கப்பல் ஏறி வந்தது, கடலில் மூன்று நாள் மிதந்தது என்றார். அத்தாவிடம், ராவுத்தர்கள் ராமநாதபுரத்திலிருந்து குதிரை மேல் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொண்டுவந்தது என்றார்.

"குதிரை மேல தொட்டிலா?" என்று அத்தா கேட்டார்.

"பின்னாடி ஒரு கழுதையும் வந்துச்சு ராவுத்தரே."

ஒருநாள் மூன்று பேரும் ஒரு கல்யாண வீட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கதைகளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். மேஸ்திரியைப் பந்தியிலிருந்தே எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "மூணு பேரும் சொல்றது சரிதான். ஒரு கால் கோவா, ஒரு கால் கட்ச், ஒரு கால் ராமநாதபுரம். நாலாவது கால் நான் போட்டது" என்று சொல்லிவிட்டுப் பாயசத்துக்குத் திரும்பிப் போனார்.

அந்தத் தொட்டில் எங்கள் அக்காவிடம் வருவதற்கு எட்டு வருஷம் ஆயிற்று. அக்காவையும், ஏலூரில் ஷிப்ட் வேலை பார்க்கும் மச்சானையும் தெருவில் எல்லாருக்கும் பிடிக்கும். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தார்கள். இந்த எட்டு வருஷத்தில் தொட்டில் எங்கள் வாசலைத் தாண்டி ஆறு வீட்டுக்குப் போனது. ஒவ்வொரு தடவையும் அக்கா தானே போய் பிரஷ்ஷைப் பிடித்து அடுத்தவர் வீட்டு நிறத்தை அடித்துக் கொடுத்துவிட்டு வருவாள். வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் உள்ளேயே இருப்பாள். பெயிண்ட் போக மாட்டேன் என்கிறது என்பாள். நாங்களும் ஆமாம் என்போம். மேஸ்திரி வீட்டுக்கும் அந்தத் தொட்டில் ரிப்பேருக்காகத் தவிர போனதில்லை. அவருக்கும் அவர் சம்சாரத்துக்கும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி மட்டும் அவர் எந்தக் கதையும் கட்டியதில்லை.

கடைசியில் அக்காவுக்கு ஒரு பெண் பிறந்தது. நான் அப்போது கோயம்புத்தூரில் வேலையில் இருந்தேன், இரண்டு மாச லீவு போட்டுவிட்டு ஓடி வந்தேன். எங்கள் வீட்டில் நாற்பதாம் நாள்தான் பிள்ளையைத் தொட்டிலில் போடுவது. அக்கா மற்றதெல்லாம் விட்டுக்கொடுத்தாள். பெயரை மாமியார் வைத்தார், சட்டையை நாத்தனார் வாங்கினாள். ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள். "நம்ம தொட்டில் வரணும். வேற ஒண்ணும் வேணாம்."

நம்ம தொட்டில் அப்போது மேஸ்திரி வீட்டுப் பின்கட்டில் இருந்தது. ஒரு சட்டம் விட்டுப்போனதால் ரிப்பேருக்குப் போயிருந்தது. அந்த நேரம் பார்த்து ஷோரூம் முதலாளிக்கும் ஒரு பழங்காலத் தொட்டில் தேவைப்பட்டது. கண்ணெதிரே ஒன்று இருக்கும்போது மேஸ்திரி வேறு எங்கே போவார்? அதையே அளவெடுத்து அச்சு அசலாக இன்னொன்று செய்தார். பச்சை, மஞ்சள், ரோஸ் என்று எல்லாக் கோட்டும் வரிசை மாறாமல் அடித்தார். பிறகு சங்கிலியால் அடித்து, உப்புத்தாளால் சுரண்டி, மூன்று நாள் சேற்றில் புதைத்து, சாயாத் தண்ணீரில் குளிப்பாட்டி எடுத்தார். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திக் காயவைத்தார்.

அங்கேதான் தப்பு நடந்தது. எங்கள் தொட்டிலை வருஷக்கணக்காகத் தெருப் பெண்கள் துடைத்துத் துடைத்து, பெயிண்ட் அடித்து, புதுமாப்பிள்ளைபோல வைத்திருந்தார்கள். மேஸ்திரி செய்ததோ பார்த்தாலே கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குப் பழசாக இருந்தது. ஷோரூம் வண்டி வந்து நின்றதும் மேஸ்திரி இரண்டையும் பார்த்தார். பழசாகத் தெரிந்ததைத் தெருத் தொட்டில் என்று எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். புதுசாகத் தெரிந்ததைத் தன் கைவேலை என்று வண்டியில் ஏற்றிவிட்டார். ஊரையெல்லாம் ஏமாற்றிய கைவேலை, செய்த கையையும் ஏமாற்றிவிட்டது.

நாலு நாள் கழித்து எங்கள் வீட்டுக்குச் சாயா குடிக்க வந்தவர் ஒரே புலம்பல். "முதலாளி கூப்பிட்டு விட்டான் ராவுத்தரே. தொட்டில் போதுமான அளவுக்குப் பழசா இல்லையாம். என் வேலையைப் பார்த்துச் சொல்றான்! எனக்கு வந்த கோபத்துல அங்கேயே சங்கிலியை எடுத்து நாலு அடி அடிச்சுட்டு வந்தேன்."

"நல்லா அடிச்சீங்க" என்றார் அத்தா. பாவம், அவருக்கு என்ன தெரியும்?

நாற்பதுக்கு மூன்று நாள் இருந்தது. எங்கள் வீட்டுத் தொட்டிலுக்குப் பச்சை அடித்துக் காய்ந்தும் விட்டது. பப்படத்து அக்கா சோதனை பார்க்க வந்தார். தெருவில் யார் வீட்டுக்குத் தொட்டில் போனாலும் முதலில் ஆட்டிப் பார்ப்பது அவர்தான். கையில் ஒட்டியிருந்த உளுந்துமாவைச் சேலையில் துடைத்துவிட்டு ஒரு ஆட்டு ஆட்டினார். காதைச் சாய்த்தார். இன்னொரு ஆட்டு. பிறகு குனிந்து தொட்டிலுக்குப் பக்கத்திலேயே காதை வைத்துக்கொண்டு ஆட்டினார்.

"சத்தம் எவிடே?"

"என்ன சத்தம்?" என்றாள் அக்கா.

"எங்க வீட்டுல நாலு பிள்ளைகளை ஆட்டுன கையாக்கும் இது. க்ரீ எவிடே? அய்யோ மோளே, இது நம்ம தொட்டில் அல்ல!"

மேஸ்திரியைக் கூப்பிட்டோம். வந்தார், சிரித்தார், ஆட்டினார். சிரிப்பு நின்றது. தரையில் மல்லாந்து படுத்து அடியில் தலையை விட்டார். நகத்தால் ஒரு மூலையைச் சுரண்டி மூக்கில் வைத்தார்.

"சாயா வாசனை அடிக்குது" என்றார். "ராவுத்தரே, இது நான் பெத்தது."

"அப்ப நம்மளது?"

மேஸ்திரி அங்கேயே தரையில் உட்கார்ந்து, "அதையா நான் சங்கிலியால அடிச்சேன்" என்று இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மேஸ்திரியின் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் காலை கடை திறக்கும் நேரத்துக்கு நானும் அவரும் ஷோரூமுக்குப் போனோம். எங்கள் தொட்டில் கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் நின்றது. பக்கத்தில் ஒரு அட்டை. போர்ச்சுக்கீசியத் தளபதி ஒருவரின் ஏழு பிள்ளைகள் உறங்கிய தொட்டில், இருநூறு வருஷம் பழமையானது என்று எழுதியிருந்தது.

"இது யார் எழுதினது மேஸ்திரி?"

"நான் சொன்னேன், அவங்க இங்கிலீஷ்ல போட்டாங்க."

"போர்ச்சுக்கீசியர் ஊரைவிட்டுப் போய் முந்நூத்தம்பது வருஷம் ஆச்சே?"

"இவரு மட்டும் கொஞ்சம் லேட்டா போனாரு" என்றார், பழக்க தோஷத்தில். உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

உள்ளே வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று தொட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. இருவருக்கும் அறுபது வயசு இருக்கும். பேரப்பிள்ளைக்காக வாங்குகிறார்களாம். மறுநாளே பெட்டி கட்டிக் கப்பலுக்கு அனுப்பிவிடலாம் என்று முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார். மேஸ்திரி அவரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"முதலாளி, சாமான் மாறிப்போச்சு. இது நான் செஞ்சதில்ல. எங்க தெருத் தொட்டில். நிஜமாவே பழசு. நான் செஞ்சது வீட்டுல இருக்கு, இப்பவே கொண்டாந்து தர்றேன்."

முதலாளியின் கண் அகலமாகத் திறந்தது. "நிஜமாவே பழசா?"

"சத்தியமா பழசு."

"இருபது வருஷமா நீ கொண்டுவந்ததுல இப்பத்தான் ஒரு அசல் வந்திருக்கு. அதைத் திருப்பித் தரணுமா? நல்லா இருக்கே!"

நான் நடுவில் புகுந்து, இது ஒரு தெருவுக்கே சொந்தம் என்று சத்தம் போட்டேன். பில் இருக்கிறதா, சீட்டு இருக்கிறதா, யார் பேரில் இருக்கிறது என்று முதலாளி கேட்டார். எங்களிடம் என்ன இருக்கிறது? கோவா, கட்ச், ஒரு கழுதை. முதலாளி வெள்ளைக்காரர்களிடம் திரும்பி, வேலை தெரிந்த மேஸ்திரியே சோதித்துப் பார்த்து அசல் என்று சொல்லிவிட்டார் என்று மேஸ்திரியைக் காட்டினார். அந்த அம்மாள் மேஸ்திரியைப் பார்த்துக் கை கூப்பினாள்.

மேஸ்திரி தொட்டிலின் ஓரத்தில் பெயிண்ட் பெயர்ந்திருந்த இடத்தை விரலால் தடவினார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார். "மோளு எத்தனை வருஷம் காத்திருந்துச்சு தம்பி?"

"எட்டு."

"எட்டு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். தோள்பையைத் திறந்து சங்கிலியை எடுத்துக்கொண்டு நேராக அந்தத் தம்பதியிடம் போனார்.

"சார். மேடம். திஸ் நோ ஓல்ட். ஐ மேக்."

முதலாளி சிரிக்க முயன்றார். மேஸ்திரி விடவில்லை. தொட்டிலில் தான் அடித்த நாலு தழும்பையும் காட்டினார். சங்கிலியை அதன் மேல் வைத்தார். கண்ணி கண்ணியாக அப்படியே பொருந்தியது. "திஸ் செயின். பீட்டிங். ஒன், டூ, த்ரீ, ஃபோர். ஆல் ட்யூப்ளிகேட்." பாவி மனுஷன், அந்தக் கடையில் நுழைந்த நாள் முதலாக அவர் சொன்ன பொய்களிலேயே இதைச் சொல்லத்தான் ரொம்பக் கஷ்டப்பட்டார்.

அந்த அம்மாள் விளையாட்டாகவோ என்னவோ பக்கத்தில் இருந்த கண்ணாடிச் சட்டத்தைக் காட்டினாள். மேஸ்திரி முதலாளியை ஒரு தரம் பார்த்தார். "ஐ மேக்" என்றார். அலமாரி? "ஐ மேக்." சுவர்க்கடிகாரம்? "மெஷின் நோ. பாக்ஸ், ஐ மேக்." மூலையில் இருந்த வெண்கல விளக்கைக் காட்டியபோது மட்டும் அருகில் போய்த் தட்டிப் பார்த்துவிட்டு, "திஸ் ஓல்ட் மேடம். வெரி குட். டேக்" என்றார். அவர்கள் விளக்கையும் எடுக்கவில்லை. ஆனால் மேஸ்திரியின் கையைக் குலுக்கி, பக்கத்தில் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, சிரித்தபடியே வெளியே போய்விட்டார்கள்.

முதலாளியின் முகம் எங்கள் கடை வத்தல் நிறத்துக்கு வந்திருந்தது.

"இருபது வருஷம் உனக்குச் சோறு போட்ட கடைடா இது."

"ஆமா முதலாளி."

"எடுத்துட்டுப் போ உன் சனியனை, நீ ட்யூப்ளிகேட்னு சொன்னதை இனி எவன் வாங்குவான்? இனி இந்தத் தெருவுல ஒரு கடையும் உனக்கு வேலை தராது. எல்லார்கிட்டயும் நானே சொல்லுவேன்."

சொன்னதைச் செய்தார் என்று பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் மேஸ்திரி தொட்டில் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டார். நான் தூண்களைச் சுமந்துகொண்டு பின்னால் நடந்தேன். இஞ்சிக் கிடங்கு தாண்டியதும் கேட்டேன்.

"இனி எப்படி மேஸ்திரி?"

"இருபது வருஷமா புதுசைப் பழசுன்னு சொன்னேன், ஒரு பய ஒண்ணும் கேக்கல. இன்னைக்கு ஒரே ஒரு தடவை பழசைப் புதுசுன்னு சொன்னேன், சோத்துல மண்ணு விழுந்துருச்சு" என்றார். கொஞ்ச தூரம் போய், "கழுத்து வலிக்குது, வேகமா நட தம்பி" என்றார்.

தெரு முழுக்க வாசலில் நின்றது. பப்படத்து அக்கா யாரையும் கேட்காமல் நடுத்தெருவிலேயே தூண்களை நிறுத்தச் சொல்லி, பெட்டியை மாட்டி ஒரு ஆட்டு ஆட்டினார். க்ரீ. அக்கா மாடியிலிருந்து செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடி வந்தாள். வந்தவள் தொட்டிலைத் தொடவில்லை. மேஸ்திரியின் தலையில் பெட்டி அழுத்திப் புடைத்திருந்த வீக்கத்தைப் பார்த்துவிட்டு, "ஐஸ் வைக்கணும் மேஸ்திரி" என்றாள்.

நாற்பதாம் நாள் காலையில்தான் பச்சை அடித்து முடித்தோம். மேஸ்திரியே அடித்தார், வேறு யாரையும் விடவில்லை. பாதிதான் காய்ந்திருந்தது. பிள்ளையை யார் தொட்டிலில் போடுவது என்று வந்தபோது மாமியார் கை நீட்டினார். அக்கா நேராக வாசலுக்குப் போனாள். மேஸ்திரி உள்ளே வராமல் வாசல் ஓரத்தில் துணியால் விரலைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"கை பூரா பெயிண்ட் மோளே" என்று பின்னால் நகர்ந்தார்.

"இருக்கட்டும்" என்று அக்கா பிள்ளையை அந்தக் கையிலேயே வைத்தாள்.

அவர் பிள்ளையைப் பிடித்திருந்த விதத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவு கைவேலை தெரிந்த மனுஷனுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தொட்டிலில் போட்டுவிட்டு ஒரே ஒரு ஆட்டு ஆட்டினார். புதுச் சட்டையில் அஞ்சு பச்சை விரல் பதிந்திருந்தது. நாத்தனாருக்கு இன்றுவரை அந்த வருத்தம் உண்டு. அக்கா அந்தச் சட்டையைத் துவைக்காமல் மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறாள்.

அதற்கப்புறம் எங்கள் தெருவில் ஒரு விசித்திரம் நடந்தது. திடீரென்று எல்லா வீட்டு மரச்சாமானும் ஒரே சமயத்தில் கெட்டுப்போயின. சேட்டு வீட்டு ஜன்னல் மூட மாட்டேன் என்றது. நல்ல தேக்குக் கதவை வைத்துக்கொண்டு மூலை வீட்டுக்காரர் கதவு இழுக்கிறது என்றார். பப்படத்து அக்கா வீட்டு அலமாரிக் கால் ஒரே ராத்திரியில் எப்படி உடைந்தது என்று எனக்குத் தெரியும், அம்மிக்குழவியை அவர் ஒளித்துவைப்பதை நான் பார்த்தேன். அத்தா தன் பங்குக்கு மூன்று ஸ்டூல் கேட்டார். எல்லாரும் மேஸ்திரியிடம் ஒரே முகபாவத்தோடு பொய் சொன்னார்கள். அவரும் எல்லா வீட்டிலும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஆமா, மோசமாத்தான் போயிருக்கு" என்று ஒத்துக்கொண்டார்.

எங்கள் வீட்டுக்கு மட்டும் யாரும் கூப்பிடாமலே வந்தார். சாயங்காலம் நாலு மணிக்கு, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு. "தொட்டில்ல ஒரு திருகாணி லூஸா இருந்துச்சு மோளே, ஒரு பார்வை பார்த்துட்டுப் போயிடறேன்." தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து திருகாணியை இறுக்குவார். பிள்ளை விழித்திருந்தால் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இறுக்குவார், அதற்கு ஒரு மணி நேரம் ஆகும். கிளம்புகிற நேரத்தில், நாங்கள் பார்க்கவில்லை என்று நினைத்து, அதே திருகாணியை இரண்டு சுற்று தளர்த்திவிட்டுப் போவார்.

நான் ஒருநாள் பொறுக்க முடியாமல் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை, அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும், வாயை மூடு" என்றாள். "நாலு மணி ஆகப் போகுது. அவருக்கும் சேத்து ஒரு சாயா ஊத்து."